தட்டைவிட சாஸைப் பாருங்கள்: பிரெஞ்சு விருந்தும் ஒயின் வரிசையும்

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனித்தனி ஒயின் ஊற்றும் வழக்கம் பிரான்சில் பலரும் நினைப்பதைவிட இளையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அங்கே பெருவிருந்து என்றால் மீன், வறுத்த இறைச்சி, பறவைக்கறி, காய்கறி எல்லாம் ஒரே நேரத்தில் மேசையை நிறைத்துவிடும். விருந்தாளி தன் கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வார். ஒயின் கிளாஸ் மேசையில் இருக்காது. ஓரத்தில் நிற்கும் பணியாளைக் கூப்பிட்டுக் கேட்டால் வரும். இப்படி உண்ணும்போது எதற்கு எது பொருந்தும் என்ற கேள்விக்கே இடமில்லை. பாரிஸில் ரஷ்யத் தூதராக இருந்த அலெக்சாந்தர் குராகின் 1810 வாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறையைக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அது பரவி நிலைபெற அரை நூற்றாண்டு பிடித்தது. பதார்த்தங்களுக்கு ஒரு வரிசை வந்த பிறகுதான் ஒயினுக்கும் வரிசை வந்தது.

அந்த வரிசை இன்று உலகறிந்தது. பிரெஞ்சு மக்களின் விருந்துமுறையை யுனெஸ்கோ 2010இல் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தபோது, பசியைத் தூண்டும் பானத்தில் தொடங்கி, முன்னுணவு, மீன் அல்லது இறைச்சி, சீஸ், இனிப்பு என்று நீளும் அடுக்கையும், உணவுக்கேற்ற ஒயினைத் தேர்வதையும் அதன் கூறுகளாகவே குறிப்பிட்டது. ஆனால் எந்த அடுக்குக்கு எந்த ஒயின் என்பது கல்லில் செதுக்கிய விதி அல்ல. 19ஆம் நூற்றாண்டில் சிப்பிக்கும் மீனுக்கும் தேன்போல் இனிக்கும் சொதேர்ன் ஒயினை ஊற்றினார்கள். இன்று அதைச் செய்தால் விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

‘வெள்ளை இறைச்சிக்கு வெள்ளை, சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு’ என்ற வாய்பாடு எல்லோருக்கும் தெரியும். அது பாதி சரி. நிறம் தீர்மானிப்பது கொஞ்சம்தான். தட்டில் உள்ள உப்பு, புளிப்பு, கொழுப்பு, இனிப்பு ஆகியவையும், அதற்கு முந்தைய கிளாஸில் என்ன இருந்தது என்பதுமே பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன.

வாயில் நடப்பது

சிவப்பு ஒயினில் துவர்ப்பு உண்டு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின் அது; பாக்கு மென்றால் நாக்கு இழுத்துக்கொள்வதுபோல இதுவும் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு வாயை உலரவைக்கும். தட்டில் இறைச்சிப் புரதமும் கொழுப்பும் இருந்தால் டானின் அவற்றைப் பற்றிக்கொள்ளும், வாய்க்கு விடுதலை. உப்பு கசப்பையும் துவர்ப்பையும் தணிக்கும். உணவில் புளிப்பு இருந்தால் ஒயினின் புளிப்பு குறைந்ததாகத் தோன்றும். ஆகவே எலுமிச்சை பிழிந்த மீனுக்கு முன் சாதுவான ஒயின் சப்பென்று ஆகிவிடும், புளிப்பு மிகுந்த ஒயினே தாக்குப்பிடிக்கும். உணவில் இனிப்பு இருந்தால் நிலைமை தலைகீழ்: அதே ஒயின் புளித்தும் கசந்தும் தெரியும். காளானிலும் முதிர்ந்த சீஸிலும் உள்ள, இறைச்சிச் சாற்றை நினைவூட்டும் உமாமி சுவை துவர்ப்பைக் கூட்டிக் காட்டும்.

மிளகாய்க் காரத்துக்கு இந்த மரபில் தயார் விடை இல்லை. பிரெஞ்சுச் சமையலில் அது அரிது. மிளகாய் எரிச்சலை உணர்த்தும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. புதுச்சேரியில் மசாலா இறாலுக்கு 14 சதவீத ஆல்கஹாலுள்ள போர்தோ சிவப்பு ஒயினைத் திறப்பவர்கள் எரிச்சலை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள். லேசான இனிப்பும் குறைந்த ஆல்கஹாலும் உள்ள வூவ்ரே தெமி-செக் போன்ற வெள்ளை ஒயின் அங்கே எவ்வளவோ மேல்.

இனி ஒரு விருந்தை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர். சீஸ் சேர்த்துச் சுட்ட சிறு கூஜேர் உருண்டைகள், பச்சைச் சிப்பி, வெண்ணெய் சாஸில் ஆற்றுமீன், அடுப்பில் வாட்டிய ஆட்டுத் தொடை, சீஸ் பலகை, கடைசியில் தார்த் தாத்தேன் என்னும் ஆப்பிள் இனிப்பு. பிரான்சில் நடுத்தர வீடுகளும் பண்டிகை நாளில் போடக்கூடிய பட்டியல்தான்.

பசியைத் தூண்டும் கிளாஸ், பசியைக் கெடுக்கும் கிளாஸ்

தொடக்கத்துக்குப் புரூட் ஷாம்பெயின், அல்லது விலை குறைந்த க்ரெமான் து பூர்கோஞ். இரண்டும் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து வாயு ஏறியவை. புரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. புளிப்பும் வாயுவும் உமிழ்நீரை ஊறவைக்கும். கூஜேரின் உப்பும் கொழுப்பும் அதற்குத் தோதானவை. 8 முதல் 10 டிகிரியில் ஊற்றவேண்டும். திறக்கும்போது கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பவேண்டும். உள்ளே சுமார் 6 மடங்கு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, குலுக்கினாலோ சூடாக இருந்தாலோ கார்க் யார் கண்ணையாவது பதம்பார்க்கும். ஊற்றியதும் நுரையே எழவில்லையா? பெரும்பாலும் குற்றம் ஒயினில் இல்லை, கிளாஸில் ஒட்டியிருக்கும் பாத்திரச் சோப்பில்.

பர்கண்டிப் பகுதியின் பிரபலமான கிர் இங்கே ஒரு பொறி. 1945 முதல் 1968 வரை டிஜோன் நகரின் மேயராக இருந்த பாதிரியார் பெலிக்ஸ் கிர், வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து அவர் பெயரே நிலைத்துவிட்ட பானம் அது: அலிகோத்தே வெள்ளை ஒயினில் கருந்திராட்சை போன்ற காஸிஸ் பழத்தின் மதுச்சாறு. காஸிஸ் சாற்றில் லிட்டருக்குக் குறைந்தது 400 கிராம் சர்க்கரை. 10 சென்டிலிட்டர் ஒயினில் 2 சென்டிலிட்டர் சாறு ஊற்றினாலே 8 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடும். லிட்டர் கணக்கில் 60க்கும் மேல். அதைக் குடித்துவிட்டு அடுத்து வரும் உலர்ந்த, அதாவது இனிப்பில்லாத, வெள்ளை ஒயினை வாயில் வைத்தால் எலுமிச்சைச் சாறுபோல இருக்கும். கிர் வேண்டுமென்றால் சாற்றைப் பாதியாகக் குறையுங்கள், அடுத்த பதார்த்தம் வர அரைமணி நேரம் விடுங்கள். சோம்பு மணக்கும் பாஸ்தீஸ் இன்னும் மோசம். 45 சதவீத ஆல்கஹாலும் சோம்பும் நாக்கை மரக்கவைத்துவிடும், அதன் பிறகு எந்த ஒயினும் ஒன்றுதான். மார்செய் வெயிலில் அதற்கு ஒரு நியாயம் உண்டு, இந்த மேசையில் இல்லை.

சிப்பியும் இரும்பும்

பச்சைச் சிப்பிக்கு மஸ்கடே செவ்ரே மேன், அதிலும் ‘சூர் லீ’ என்று லேபிளில் எழுதியது. நாந்த் நகரைச் சுற்றிய லுவார் ஆற்றின் கடைப்பகுதியில் விளையும் மெலோன் து பூர்கோஞ் திராட்சை. நொதித்து இறந்த ஈஸ்ட் வண்டலின் மேல் குளிர்காலம் முழுக்கக் கிடந்து, வசந்தத்தில் அதே தொட்டியிலிருந்து பாட்டிலுக்குப் போகும். 12 சதவீத அளவில் ஆல்கஹால், கூரிய புளிப்பு, லேசான உப்புத்தன்மை. சிப்பியின் கடலுப்புக்கு அது எதிர்த்து நிற்கும், அடக்காது.

ஷப்லி ஊரின் வெள்ளை ஒயினையும் சொல்வார்கள். அந்த ஊர் மண்ணான கிமெரிஜியன் சுண்ணாம்புக் களியில் குட்டிச் சிப்பிகளின் புதைபடிவங்கள் நிறையக் கிடக்கின்றன. அதனால்தான் ஷப்லியும் சிப்பியும் சேர்கின்றன என்று வியாபாரிகள் சொல்லும் கதை அழகானது, ஆனால் புதைபடிவம் வேர் வழியாக ஏறிக் கிளாஸில் சிப்பிச் சுவையாக இறங்குவதில்லை. குளிர்ந்த இடத்தில் விளைந்த ஷார்டனே திராட்சையின் புளிப்பும், மரப்பீப்பாய் வாசம் இல்லாமையும்தான் காரணம். அதே ஷார்டனே புதிய ஓக் பீப்பாயில் கிடந்திருந்தால் வெண்ணிலா வாசத்தோடு சிப்பியருகே குமட்டும். லேபிளில் ஷப்லி என்று இருந்தாலும், மேல்தரமான கிராண்ட் க்ரூ பாட்டில்களில் சில பீப்பாய் கண்டவை. சிப்பிக்குச் சாதாரண ஷப்லியே நல்லது, விலையும் குறைவு. சிப்பியின்மேல் வினிகரில் ஊறிய சிறுவெங்காயம் போடுகிறீர்கள் என்றால் சொட்டு அளவுக்கு மேல் வேண்டாம். வினிகர் எந்த ஒயினையும் கொன்றுவிடும்.

மீன் இனத்தோடு சிவப்பு ஒயின் சேர்ந்தால் பழைய மீன் வாடை ஏன் எழுகிறது என்பதற்கு நெடுங்காலம் டானினையே குறைசொன்னார்கள். ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறு குற்றவாளியைக் காட்டியது: இரும்பு. உலர்த்திய ஸ்காலப் சிப்பியோடு பல ஒயின்களைச் சுவைத்துப் பார்த்ததில், லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தவற்றில் வாடை பலமாக எழுந்தது. இரும்பைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்ததும் வாடை அடங்கியது. மீன் கொழுப்பு இரும்பின் தூண்டுதலால் சிதைந்து நாற்றமுள்ள சேர்மங்களாவதுதான் நடக்கிறது. இரும்பு மண்ணிலிருந்தும், திராட்சையில் ஒட்டிய தூசியிலிருந்தும், ஆலைக் கருவிகளிலிருந்தும் வரலாம். சிவப்பு ஒயின்களில் சராசரியாக அது அதிகம், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. சில சிவப்பு ஒயின்கள் மீனோடு சுகமாகப் போவதும், ஒரே பெயருள்ள இரண்டு பாட்டில்களில் ஒன்று மட்டும் கெடுப்பதும் இதனால்தான். லேபிளில் இரும்பின் அளவு இருக்காது. ஆகவே பச்சையான, கொழுப்புள்ள கடல் உணவுக்கு வெள்ளை என்ற பழைய எச்சரிக்கை இன்றும் பாதுகாப்பான பந்தயம்.

மீனுக்குச் சிவப்பே கூடாது என்பதும் இல்லை. விலாங்குபோல் நீண்ட லம்ப்ரே மீனை அதன் ரத்தத்தோடும் லீக் தண்டோடும் சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வேகவைப்பது போர்தோவின் பெருமை. அதற்குச் சாந்-எமிலியோன் சிவப்பைத் தவிர வேறு ஊற்றினால் உள்ளூர்க்காரர்கள் மன்னிக்கமாட்டார்கள். சாஸ் எதில் வெந்ததோ அதுவே கிளாஸிலும்.

நம் மேசையில் இருப்பது ஆற்றுமீனும் பேர் பிளான் சாஸும். சிறுவெங்காயத்தை வினிகரிலும் வெள்ளை ஒயினிலும் சுண்டவைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாக அடித்துச் சேர்க்கும் லுவார் பகுதிச் சாஸ். மீன் மென்மை, பாரமெல்லாம் சாஸில். இங்கே மஸ்கடே இளைத்துப்போகும். வெண்ணெயின் கனத்துக்கு உடம்பும், அதை அறுக்கப் புளிப்பும் சேர்ந்த ஒயின் வேண்டும். அதே ஆற்றங்கரையின் சவெனியேர், அதாவது ஷெனன் திராட்சையின் உலர்ந்த வெள்ளை, இரண்டையும் தரும். பர்கண்டியின் மெர்சோ வெள்ளையும் பொருந்தும், விலை எகிறும். எதுவானாலும் 11 முதல் 13 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் 5 டிகிரியில் ஊற்றினால் வாசம் முடங்கிப் புளிப்பு மட்டும் தெரியும். பரிமாற இருபது நிமிடம் முன்பே வெளியே வையுங்கள். அதே மீனை எலுமிச்சையும் உப்பும் மட்டும் தடவி வாட்டியிருந்தால் மஸ்கடேயையே தொடர்ந்திருக்கலாம், ஒரு பாட்டில் மிச்சம்.

சிப்பிக்குப் பதில் ஃபுவா க்ரா வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாத்துக் கல்லீரலுக்குச் சொதேர்ன் என்பது பேர்பெற்ற இணை. கொழுப்பும் உப்பும் இனிப்பும் புளிப்பும் சந்திக்கும் இடம். சிக்கல் அந்த இணையில் இல்லை, அது நிற்கும் இடத்தில். லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள ஒயினை முதலிலேயே குடித்தால் பின்னால் வரும் உலர்ந்த வெள்ளைக்கு நாக்கில் இடமே இருக்காது. ஆளுக்கு 5 சென்டிலிட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள். அடுத்து ஒரு தெளிந்த சூப்போ, ரொட்டியும் தண்ணீருமோ கொடுத்து, பத்து நிமிடம் பேசவிடுங்கள். அல்லது அல்சாஸ் பினோ க்ரியோ ஷாம்பெயினோ போதும் என்று விட்டுவிடுங்கள்.

இறைச்சிதான் சுலபம்

ஆட்டுத் தொடைக்குப் போர்தோவின் போயாக் சிவப்பு ஒயின். கபெர்னே சொவின்யோன் திராட்சையின் துவர்ப்பை ஆட்டுக்கொழுப்பு ஏற்றுக்கொள்ளும். போயாக் பகுதியின் இளம் ஆட்டிறைச்சிக்கே தனிப்பேர் உண்டு, ஊர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்தே நினைப்பார்கள். விலை பயமுறுத்தினால் ஓ-மெதோக் என்று எழுதிய பாட்டில் அதே வேலையைச் செய்யும்.

கவனிக்கவேண்டியது வேகும் பதம். பிரெஞ்சுக்காரர்கள் தொடையின் நடுவே இளஞ்சிவப்பாக நிறுத்திவிடுவார்கள்; சாறு இருப்பதால் துவர்ப்பு தணிகிறது. நம்மில் பலருக்கு இறைச்சி முழுக்க வெந்தால்தான் இறங்கும். அப்படி வெந்து உலர்ந்த இறைச்சிக்கு இளம் போயாக் வாயில் மணல் மென்றதாக இருக்கும். அப்போது மெர்லோ திராட்சை மிகுந்த சாந்-எமிலியோன், அல்லது போஜொலே மாவட்டத்தின் மோர்கோன், மூலேன்-அ-வான் போன்ற பத்து சிறப்பூர்களில் ஒன்று.

இறைச்சி மாறினால் சாஸ் மாறும், ஒயினும் மாறும். வாத்துக்கொழுப்பில் பதமிட்ட கோன்ஃபிக்குத் தென்மேற்கின் மதிரான். தன்னாத் திராட்சையின் முரட்டுத் துவர்ப்பு அந்தக் கொழுப்புக்கே பிறந்தது. மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் வேகவைத்த பூர்கினியோனுக்குப் பர்கண்டிச் சிவப்பு. ஆனால் பாலாடையிலும் மொரேல் காளானிலும் வெந்த கோழிக்கும், வெள்ளைச் சாஸில் வெந்த கன்றிறைச்சிப் பிளான்கெத்துக்கும் வெள்ளை ஒயின்தான் பொருந்தும். பாலாடைச் சாஸில் டானின் உலோகச் சுவையாகிவிடும். ஆரஞ்சுச் சாஸிட்ட வாத்து ஒரு வலை: சாஸில் சர்க்கரை இருப்பதால் போர்தோ கசந்துபோகும், பழுத்த பழச்சுவையுள்ள ஷாத்தோநெஃப்-து-பாப் கொஞ்சம் சமாளிக்கும். சைவ விருந்தாளிக்குக் காளான் வைத்தால் துவர்ப்பு குறைந்த பினோ நுவார்.

சைவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளையும் பால் புரதமும் மீன் காற்றுப்பையிலிருந்து எடுத்த இசிங்கிளாஸும் பயன்படுவதுண்டு. போர்தோச் சிவப்புகளுக்கு முட்டை வெள்ளை பழைய வழக்கம். முட்டையும் பாலும் எஞ்சியிருந்தால் லேபிளில் சொல்லவேண்டும் என்பது ஐரோப்பாவில் 2012 முதல் சட்டம், மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கண்டிப்பான சைவருக்கு ‘வீகன்’ முத்திரையுள்ள பாட்டிலே வாங்குங்கள்.

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாறு என்ற அறிவுரை, கணப்பு மட்டும் இருந்த பழைய பிரெஞ்சு வீடுகளின் 16 முதல் 18 டிகிரியைச் சொல்கிறது. சென்னையின் 30 டிகிரியில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும்; முப்பது நாற்பது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். அவசரமானால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிறைத்த வாளி. ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலைத் தொடும் பரப்பு குறைவு, குளிர நேரமாகும்.

இளம் போர்தோவை ஒன்று இரண்டு மணிநேரம் முன்பே டிகான்டர் என்னும் அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவிடலாம். வெறுமனே கார்க்கை எடுத்து வைப்பதால் பயனில்லை. கழுத்தளவு பரப்பில் காற்று என்ன செய்துவிடும்? இருபது ஆண்டு தாண்டிய பாட்டில் என்றால் எதிர்வழி: முதல் நாளே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் சேரவிட்டு, பரிமாறும் நேரத்தில் கழுத்துக்குப் பின்னே விளக்கு வைத்து மெல்ல ஊற்றி, வண்டல் கழுத்தைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். முன்னதாக ஊற்றினால் இருந்த கொஞ்ச வாசமும் பறந்துவிடும். எந்தப் பாட்டிலையும் வீட்டுக்காரர் முதலில் ஒரு வாய் முகர்ந்து பார்க்கட்டும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் கார்க்கில் டிசிஏ என்னும் சேர்மம் ஏறியிருக்கிறது. காற்றாடவிட்டால் போகாது, மாற்றுப் பாட்டில்தான்.

சீஸ் பலகை: மரபே தவறும் இடம்

பிரான்சில் பச்சைக் கீரை சாலட் இறைச்சிக்குப் பிறகு, சீஸுக்கு முன்போ அதோடு சேர்ந்தோ வரும். வினிகர் இருப்பதால் அதற்கு ஒயின் வேண்டாம், தண்ணீர் கொடுங்கள். பிறகு சீஸ் வரும்; மேசையில் மிச்சமிருக்கும் சிவப்பு ஒயினை அதற்கு ஊற்றித் தீர்ப்பார்கள். வழக்கம் இது, காரணமோ வசதி. சுவையைக் கேட்டால் பெரும்பாலான சீஸ்களுக்கு வெள்ளையே நல்லது. கமாம்பேர், பிரீ போன்ற வெண்தோல் சீஸ் பழுக்கும்போது தோலில் அமோனியாவும் கசப்பும் எழும்; டானின் அதோடு மோதினால் வாயில் செப்புக்காசு வைத்ததுபோல இருக்கும். கமாம்பேருக்கு நார்மண்டியின் ஆப்பிள் சைடரே மேல். தொடக்கத்தில் திறந்த க்ரெமானில் மிச்சம் இருந்தால் அதுவும் சரி.

ஊரும் ஊரும் சேர்ந்த இணைகளில் சில பிழைக்காதவை. ஷவினியோல் கிராமத்தின் வெள்ளாட்டுச் சீஸுக்கு அந்தக் கிராமமே அடங்கிய சான்செர் பகுதியின் சொவின்யோன் பிளான்: ஆட்டுப்பால் புளிப்பும் ஒயின் புளிப்பும் சமநிலை. அல்சாஸில் கழுவிக் கழுவிப் பழுக்கவைத்த மன்ஸ்தேர் சீஸின் நாற்றத்துக்கு ரோஜாவும் லிச்சியும் மணக்கும் கெவர்ஸ்ட்ராமினர். ஜூரா மலைப்பகுதியின் கோந்தே சீஸுக்கு அதே மலையின் வேன் ஜோன்.

வேன் ஜோன் தனியாக நின்று பார்க்கத் தக்கது. சவன்யேன் திராட்சையின் வெள்ளை ஒயினைப் பீப்பாயில் ஊற்றி, ஆவியாகிக் குறைவதை நிரப்பாமலே விட்டுவிடுவார்கள். மேலே ஈஸ்ட் ஆடைபோல் படர்ந்து ஒயினைக் காற்றிலிருந்து பெருமளவு காக்கும். அறுவடை ஆண்டுக்குப் பின் ஆறாவது ஆண்டின் இறுதிவரை அப்படியே கிடக்கும். ஒரு லிட்டரில் எஞ்சுவது இவ்வளவு என்ற கணக்கில் 62 சென்டிலிட்டர் கிளாவலேன் என்ற குட்டைப் பாட்டிலில் அடைப்பார்கள். வாதுமை, வெந்தயம் போன்ற வாசம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பழுத்த கோந்தேயில் அதே வாதுமை வாசம் இருக்கிறது. முதல்நாளே திறந்து வைத்து 14 டிகிரிக்கு மேல் ஊற்றுங்கள். ஐஸில் புதைத்தால் வீண். முதன்முறை குடிப்பவர் கெட்டுப்போன ஒயின் என்று நினைக்கக்கூடும், சீஸை முதலில் மெல்லச் சொல்லுங்கள்.

ஐந்து சீஸ் அடுக்கிய பலகைக்கு ஒரே ஒயின் கிடையாது. ஆகவே பலகையைச் சுருக்குங்கள். ஆறு பேருக்கு நன்றாகப் பழுத்த கோந்தே 300 கிராம், ரோக்ஃபோர் 150 கிராம், அவ்வளவே. ஒரு மணிநேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். ரோக்ஃபோர் இருப்பதால் ஒரு சௌகரியம்: நீலப்பூஞ்சை படர்ந்த அந்தச் செம்மறியாட்டுச் சீஸின் கடும் உப்புக்கு இனிப்பு ஒயின்தான் வேண்டும். சொதேர்ன் பெயர்பெற்றது, காரோன் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள லூபியாக், சாந்த்-குருவா-து-மோன், சற்றுத் தள்ளி மோன்பஸியாக் ஆகியவையும் அதே வழியில், பல பங்கு மலிவாக. பிரெஞ்சு வரிசையில் சீஸ் இனிப்புக்கு முன்னால் வருவதால், இங்கே திறந்த பாட்டில் அப்படியே அடுத்த தட்டுக்கும் போகும். ஒரே பாட்டிலில் இரண்டு அடுக்கு முடிந்தது.

இனிப்பும் ஷாம்பெயின் என்ற பழைய பழக்கமும்

விதி ஒன்றே: ஒயின் இனிப்புப் பண்டத்தைவிட இனிக்கவேண்டும். குறைந்தால் புளிக்கும். தார்த் தாத்தேனில் கருகவைத்த சர்க்கரை இருக்கிறது, ஆப்பிளின் புளிப்பும் இருக்கிறது. கோத்தோ து லேயோன் போன்ற இனிப்பு ஷெனன் அதற்குக் கச்சிதம். சீஸுக்குத் திறந்த மோன்பஸியாக்கும் குறையில்லை. 8 முதல் 10 டிகிரி.

சாக்லேட் கேக் என்றால் இவை எல்லாம் தோற்கும். ஸ்பெயின் எல்லையோரத்து பனியுல்ஸ் அல்லது மோரி வேண்டும். நொதிக்கும்போதே சாராயம் சேர்த்து நொதிப்பை நிறுத்துவதால் சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹால் 16 சதவீதம் தொடும், கிரெனாஷ் திராட்சையின் துவர்ப்பு சாக்லேட்டின் கசப்புக்கு ஈடுகொடுக்கும். ஐஸ்க்ரீமுக்கு எதுவும் வேண்டாம். குளிரில் நாக்கு மரத்திருக்கும்போது நல்ல ஒயின் வீண்செலவு.

பிரெஞ்சுத் திருமணங்களில் கேக் வெட்டும்போது புரூட் ஷாம்பெயின் ஊற்றுகிறார்கள். கேக்கின் க்ரீமுக்கு முன் அது எலுமிச்சைத் தண்ணீர். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஷாம்பெயின் இனிப்பாக இருந்த காலத்திலிருந்து. பால்டிக் கடலில் ஓலந்து தீவுகளருகே நெடுங்காலம் மூழ்கிக் கிடந்த கப்பலொன்றில் சுமார் 170 ஆண்டுப் பழைய ஷாம்பெயின் பாட்டில்கள் 2010இல் கிடைத்தன. ஆராய்ந்ததில் லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை! இனிப்புப் பண்டத்தோடு அது ஒத்துப்போனதில் வியப்பில்லை. பிறகு ஆங்கிலேயர்கள் உலர்ந்ததைக் கேட்டார்கள். பொம்மெரி நிறுவனத்தின் 1874 ஆண்டு ஷாம்பெயின் புரூட் பாணியை நிலைநாட்டியது. ஒயின் மாறியது, கேக் வெட்டும் நேரம் மாறவில்லை. கேக்குக்கு ஷாம்பெயின்தான் வேண்டும் என்றால் 32 முதல் 50 கிராம் சர்க்கரையுள்ள தெமி-செக் வாங்குங்கள்.

எவ்வளவு ஊற்றுவது

ஐந்து அடுக்குக்கு ஐந்து முழுக் கிளாஸ் என்று போனால் ஆளுக்கு 62 சென்டிலிட்டர் ஆகிவிடும். போயாக் வரும்போதே யாரும் அதைச் சுவைக்கும் நிலையில் இருக்கமாட்டார்கள். இந்த மேசைக்கு க்ரெமான் ஆளுக்கு 10 சென்டிலிட்டர், மஸ்கடே 7, சவெனியேர் 8, போயாக் 10, இனிப்பு ஒயின் 6. மொத்தம் 41. ஆறு பேருக்கு நான்கு முழுப் பாட்டிலும் 37.5 சென்டிலிட்டர் அரைப்பாட்டில் இனிப்பு ஒயினும் போதும்; மஸ்கடேயில் கிட்டத்தட்ட பாதி மிஞ்சும். வேன் ஜோன் சேர்த்தால் ஆளுக்கு 4 சென்டிலிட்டர், போயாக்கில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், வாசம் சேர இடம் வேண்டும். கிளாஸ் போதாவிட்டால் தண்ணீரில் அலசுவதைவிட அடுத்த ஒயினில் ஒரு தேக்கரண்டி விட்டுச் சுழற்றிக் கொட்டுவதே சரி. தண்ணீர்த்துளி ஒயினை நீர்க்கச்செய்யும்.

41 சென்டிலிட்டரில் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 40 கிராம். பிரான்சில் பொதுச் சுகாதார அமைப்பு ஒரு நாளைக்கு இரண்டு அளவுகளுக்கு, அதாவது 20 கிராமுக்கு, மேல் வேண்டாம் என்கிறது. இந்த விருந்து அதன் இரட்டிப்பு. காரோட்டும் வரம்பு அங்கே ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம், இந்தியாவில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம். இந்த மேசையிலிருந்து எழுந்து யாரும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. ஒவ்வொருவர் முன்பும் தண்ணீர்க் கிளாஸ் காலியாகாமல் இருக்கட்டும். காபிக்குப் பின் கோன்யாக்கோ கால்வடோஸோ ஊற்றுவது மரபுதான், 40 சதவீதத்தில் இன்னொரு 3 சென்டிலிட்டர். விட்டுவிட்டாலும் விருந்துக்குக் குறையில்லை.

மிஞ்சியதைக் கார்க்கால் அடைத்து, சிவப்பானாலும் ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். மஸ்கடே இரண்டு மூன்று நாள், போயாக் மூன்று நாள், க்ரெமான் நல்ல அடைப்பானோடு மறுநாள்வரை. மோன்பஸியாக் ஒரு வாரம் தாங்கும். பனியுல்ஸும் வேன் ஜோனும் வாரக்கணக்கில் இருக்கும், ஏற்கெனவே காற்றோடு பழகியவை.